கிரீஸ் அப்பி வெச்ச எடம்

செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. கோயிலுக்குள்ள போறாப்புல இருக்குதேன்னு வர்றவங்க எல்லாருந்தா சிரிக்கறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். தரைக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கறனுங்க, மண்ணு பட்டா வண்டிக்கு அடியில தூசி ஏறிக்கும். வண்டிக்கு அடியில யாரு பாக்கறாங்கன்னு கேக்காதீங்க. நா பாப்பனுங்க.

உக்காருங்க, அந்த ஸ்டூல்ல. வண்டி மேல சாயாம உக்காருங்க.

வெளிய வேப்ப மரத்தடியில நிக்கறது உங்க வண்டிதானுங்களே? முக்கு திரும்பறப்பவே சத்தம் கேட்டுச்சு. மெட்டடோர் வேனு ஒண்ணு வருதுன்னு ஊட்டுல சொன்னேன். முன்கதவு ஆடுது, சைலன்சருக்குப் பட்டி கழண்டிருக்குது, வந்து நின்ன ரெண்டு நிமிசத்துல ஆயிலு சொட்டிருச்சு. பவானியில இருந்து இங்க வரைக்கும் இதுலயே வந்தீங்களா? தைரியந்தா. என்ன லோடு அடிக்கறீங்க? ஜமுக்காளமா? செரி செரி.

நீங்க கேட்டது நல்ல கேள்விங்க. பிரிச்சுப் புதுசாக் கட்டறதா, இருக்கறத வெச்சு அப்பிடியே ஓட்டறதா. இதுக்கு என்னையத் தேடி வந்தீங்க பாருங்க, நெம்ப சந்தோசம். முழுசாக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணுங்க. ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாச் சொல்லியிருப்பாங்க. சென்னியப்பன் தம்பி வண்டியக் கெடுத்துப்போட்டான்னு சொல்லியிருப்பாங்களே? சொல்லியிருப்பாங்க. வண்டியப் பாருங்க. நீங்களே சொல்லுங்க, இது கெட்டுப்போன வண்டியா?

பக்கவாட்டுத் தகரத்த இப்பிடிக் குனிஞ்சு பாருங்க. வெளிச்சம் எங்கயாவது நெளியுதா? நெளியாது. கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே தகடாட்ட இருக்குமுங்க. திருகாணி ஒவ்வொண்ணையும் பாருங்க, தலையில இருக்கற வெட்டு எல்லாம் ஒரே பக்கமா நேரா நிக்குதா? நூத்திப் பன்னெண்டு திருகாணி. எல்லாத்தையும் அப்பிடி நிறுத்தியிருக்கறேன். கோணலா நின்னா எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதா.

நானு முப்பத்திரண்டு வருசம் பம்பு கம்பெனியில பினிஷிங் செக்சன்ல இருந்தவனுங்க. பம்போட பாடி வார்ப்புல இருந்து வந்து, கடைஞ்சு, கடைசியா என்ற மேசைக்கு வரும். கண்ணுல பாக்க மாட்டேன், வெரல வெச்சுத் தடவுவேன். ரோமத்தண்டி கீறல் இருந்தாலும் வெரலுக்குத் தெரிஞ்சுரும். திருப்பி அனுப்பிருவேன். கம்பெனியில எனக்குப் பேரே கீறல் சென்னியப்பனுங்க. மேனேஜரே அப்பிடித்தா கூப்புடுவாரு.

இந்த வேனு என்ற தம்பி நாச்சிமுத்தோடதுங்க. வாங்குனது எங்கய்யன். அய்யன் போன பொறகு பெரியவங்கள வெச்சுப் பாகம் பிரிச்சப்ப, வீடு எனக்கு, வண்டி அவனுக்குன்னு ஆச்சு. நா ஒண்ணும் அடிச்சுப் புடுங்கலீங்க. அவனாத்தா சொன்னான், "அண்ணா, வீட்ட நீ வெச்சுக்க, எனக்கு வண்டி போதும்"னு. தங்கமான பையன். அம்பத்தி ரெண்டு வயசாச்சு, எனக்கு இன்னம் பையந்தா.

அவனுக்கு பேக்கரி லைனுங்க. விடியால பன்னு, ரஸ்க்கு, வர்க்கி எல்லாம் ட்ரேயில ஏத்திக்கிட்டு சத்தி ரோட்டுல போவான். சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி வரைக்கும் நாப்பத்தோரு டீக்கடை. பதினொரு மணிக்குத் திரும்பிருவான். இருவத்தி மூணு வருசம் ஒரு நாள் தப்புனதில்ல. எங்கம்மா எறந்தப்பக்கூட லைனப் போட்டுப்போட்டுத்தா வந்து கொள்ளிச்சட்டி கூட நின்னான். டீக்கடைக்காரங்க வண்டிச் சத்தத்தக் கேட்டுத்தா பால அடுப்புல வெப்பாங்களாம். சரவணம்பட்டியில அந்தத் தடதட தூரத்துல கேட்டா, நாச்சிமுத்து வந்துட்டான், மணி அஞ்சே முக்காலுன்னு அர்த்தமாம். அவன் பெருமையாச் சொல்லுவான். எனக்குக் கேக்கறப்பவே வயிறு எரியும். தடதடன்னா என்னங்க அர்த்தம்? கதவு ஆடுதுன்னு அர்த்தம்.

வண்டிய அவன் வெச்சிருந்த லட்சணத்தக் கேளுங்க. டிரைவர் பக்கத்துக் கதவக் கயித்துல கட்டியிருப்பான். பின்கதவு கொண்டிக்குச் செருப்பு ரப்பர வெட்டி அண்டக் குடுத்திருப்பான். ஹாரனுக்கு பட்டன் இல்ல, ரெண்டு ஒயரத் தொட்டாத்தா சத்தம் வரும். உள்ள பூராவும் மரச்சட்டம் அடிச்சு ட்ரே வெக்கறதுக்குத் தட்டு. முன்னாடி கண்ணாடிக்கு மேல எங்கய்யன் எழுதி வெச்ச "மாரியாத்தா துணை", அதுல "மா"வே அழிஞ்சுபோச்சு. கேட்டா, "ஓடுதில்லண்ணா"ன்னுவான். எதுக்கெடுத்தாலும் அதே பேச்சுத்தா. ஓடுதில்லண்ணா.

நா ரிட்டயர் ஆனதும் கையி சும்மா இருக்கலீங்க. வெரலு எதையாவது தடவப் பாத்துச்சு. சோத்து வட்டலத் தடவுறேன்னு ஊட்டுல திட்டறா. அப்பத்தா தம்பியக் கூப்புட்டுச் சொன்னேன். "டேய், ஆடி மாசம் யாவாரம் கொறச்சல்தான? ஆடி ஒண்ண எனக்குக் குடு. ஆவணி ஒண்ணாந் தேதி கம்பெனியில இருந்து எறங்குன வண்டியாட்டக் குடுக்கறேன்"னு.

அவன் யோசிச்சான். அவன் சம்சாரம் மயிலாத்தாதா ஒத்துக்கல. "மாமா, ஓடற வண்டிய நிறுத்தாதீங்க. நின்னா நின்னுக்கும்"னா. எனக்கு வந்துதே கோவம். நா என்ன ஊரான் வண்டியவா கேக்கறேன்? அய்யன் வண்டிங்க. அவன்தா அவள அடக்கிப்போட்டு, "அண்ணன் ஆசப்படுது புள்ள"ன்னு சாவியக் குடுத்தான். குடுத்தவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கோணுமில்லீங்களா? அதத்தா நா இன்னைக்கு வரைக்கும் கேக்கறேன். ஒரு வார்த்த.

பிரிச்சனுங்க. பிரிக்கப் பிரிக்க எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ்வளவு துரு. அடிச்சட்டமெல்லாம் பொரிஞ்சு போயிக் கிடக்குது. இத ஒரு மாசத்துல எப்பிடிங்க முடிக்கறது? ஆவணி வந்துச்சு. தம்பி வந்து எட்டிப் பாத்தான். வண்டி நாலு கட்டை மேல, டயரு இல்லாம, கதவு இல்லாம எலும்பாட்ட நின்னுச்சு. ட்ரே அடுக்கற சட்டம் இருந்த எடத்த மட்டும் காமிச்சு, "அது எங்கண்ணா?"ன்னான். "கம்பெனி வண்டியில அது இல்லடா, அடுப்புக்குப் போயிருச்சு"ன்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டான்.

புரட்டாசி போச்சு, ஐப்பசி போச்சு. ஹெட்லைட்டச் சுத்தி வர்ற வளையம் இருக்குதே, அது ஒண்ணுக்காக நாலு மாசம் காத்திருந்தேன். பூனாவுல ஒருத்தரு பழசு வெச்சிருந்தாரு. உள்ளூர்ல கிடைக்கறதப் போட்டுக்கலாமேன்னு மயிலாத்தா சொல்றா. அவளுக்கு என்ன தெரியும்? டூப்ளிகேட் போட்டா நா செத்துருவேன்.

அதுக்குள்ள அவன் லோடு ஆட்டோ ஒண்ண வாடகைக்கு எடுத்து ஓட்டுனான். மேல மூடி இல்லாதது. தார்ப்பாய் கட்டித்தா போனான். அந்த வருசம் பாத்து ஐப்பசி மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. பன்னெல்லாம் நனைஞ்சு ஊறிப் போச்சாம். மூணு நாளு அப்பிடி ஆச்சு. பேக்கரிக்காரரு நல்ல மனுசந்தா, ஆனா அவரும் யாவாரி. கோபிக்காரன் ஒருத்தன் புது மூடுவண்டி வெச்சிருந்தான், லைன அவனுக்குக் குடுத்துட்டாரு. நாப்பத்தோரு கடையும். நா தம்பிகிட்டச் சொன்னேன், "வெசனப்படாத, வண்டி ரெடியாகி நீ போயி எறங்குனீன்னா பேக்கரிக்காரரே கூப்புட்டுக் குடுப்பாரு"ன்னு. மனசாரத்தா சொன்னேன்.

வைகாசியில முடிஞ்சுதுங்க. பத்து மாசம். புள்ளை பெத்துருக்கலாம்னு மயிலாத்தா சொன்னா. சொல்லட்டும். ஆனா வெளிய தள்ளி வெயில்ல நிறுத்துனப்ப ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்தானுங்க. பாலும் பச்சையுமா ரெண்டு கலரு, கம்பெனிக் கலரு. கதவச் சாத்துனா "டப்"னு ஒரே சத்தம். அந்தத் தடதடவ நானு அடியோட நிறுத்திப்போட்டேன். தம்பி சுத்திச் சுத்தி வந்தான். கயிறு இருந்த எடத்துல கையி தானாப் போகுது, கயிறு இல்ல. "நல்லாருக்குதண்ணா"ன்னான். "எனக்கு ஓட்டவே பயமா இருக்குது"ன்னான். ஆனா சிரிச்சான். கடைசியா அவன் சிரிச்சு நா பாத்தது அன்னைக்குத்தானுங்க.

எப்.சி.ங்கற தகுதிச் சான்று தை மாசமே முடிஞ்சு போச்சு. வண்டியக் காட்டிப் புதுசா வாங்குனாத்தா ரோட்டுல எறக்க முடியும். ரெண்டு பேரும் சேந்து போனோம். இன்ஸ்பெக்டரு சின்ன வயசுக்காரரு. வண்டியப் பாத்ததும் எந்திரிச்சே வந்துட்டாரு. "யாருங்க கட்டுனது? இந்த மாதிரி நா பாத்ததே இல்ல"ன்னாரு. நா முன்னாடி போயி நின்னுக்கிட்டேன். பிரேக் பாத்தாரு, லைட்டு பாத்தாரு, எல்லாம் செரி. "சேஸ் நம்பர் பிரிண்ட் எடுத்துரலாம்"னாரு.

உங்களுக்குத் தெரியுமே. அடிச்சட்டத்துல நம்பரு குத்தியிருக்கும், அது மேல பேப்பர வெச்சுப் பென்சில்ல தேச்சா எழுத்து அப்பிடியே வரும். தம்பி சொன்னான், "நீங்க எதுக்குங்க சார் குனியறீங்க, வருசா வருசம் நாந்தா எடுத்துத் தருவேன், எடம் எனக்குத்தா தெரியும்"னு. பேப்பரையும் பென்சிலையும் வாங்கிக்கிட்டு உள்ள பூந்தான். காலு ரெண்டும் மட்டும் வெளிய தெரியுது. நானும் இன்ஸ்பெக்டரும் பெயிண்டப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கறோம். ஒரு நிமிசம் ஆச்சு, அஞ்சு நிமிசம் ஆச்சு. காலு நகருது, இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் போகுது.

அடியில இருந்து, "அண்ணா"ன்னான்.

"என்றா?"

"அண்ணா... அந்த எடம் எங்கண்ணா?"

எனக்கு அப்பத்தா அந்தக் கிரீஸு ஞாபகம் வந்துச்சுங்க.

வலது பக்கம் முன்சக்கரத்துக்குப் பின்னால, அடிச்சட்டத்துல ஒரு எடத்துல மட்டும் கிரீஸ் கட்டி கட்டியா அப்பியிருந்துச்சுங்க. பிரிக்கறப்பப் பாத்தேன். வண்டி முழுக்கத் துருப்புடிக்க உட்டவன், இங்க எதுக்கு இத்தன கிரீஸ்? அழுக்குன்னு நெனச்சேன். சொரண்டி எடுத்துத் தின்னர் போட்டுத் தொடைச்சேன். உள்ள இரும்பு நல்லாத்தா இருந்துச்சு, ஆனா வெரல வெச்சா நெருநெருன்னு தட்டுச்சு. மேடும் பள்ளமுமா. வெளிச்சம் இல்ல, கண்ணாடியும் போடல. கண்ணுல நா எப்பங்க பாத்தேன், எனக்கு வெரல்தான? துரு தின்ன தழும்புன்னு முடிவு பண்ணிப்போட்டேன். பள்ளத்துக்கு வெல்டு வெச்சு நெரவி, கிரைண்டர் போட்டு இழைச்சு, உப்புத்தாள் போட்டு, அது மேல ரெண்டு கோட்டு பெயிண்ட்.

நம்பரு குத்தியிருக்கும்னு தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியுமுங்க. ஆனா தகட்டுல இருக்குதேன்னு நெனச்சேன். இன்ஜினுக்குப் பக்கத்துல கம்பெனித் தகடு ஒண்ணு ரிவிட் அடிச்சிருக்குமே. அது மங்கிப் போயிக் கிடந்துச்சு. அதையும் நா சும்மா உடலியே! எழுத்து வெட்டற கடையில குடுத்துப் பித்தளையில புதுசாப் பண்ணி மாட்டியிருந்தேன். பழைய தகடு அந்தக் கடையில தகரத்தோட தகரமாப் போயிருச்சு.

இன்ஸ்பெக்டரு அந்தப் பித்தளையப் பாத்தாரு. அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாரு. மொகம் மாறிப்போச்சு. "இது யாரு வண்டிங்க?"ன்னாரு.

"என்ற வண்டிங்க சார்"னான் தம்பி. ஆர்.சி. புக்க நீட்டறான்.

"புக்குல இருக்கறது உங்க வண்டி. அந்த வண்டிதா இதுங்கறதுக்கு என்ன இருக்குது?"

அவரு மேல தப்பு இல்லீங்க. திருட்டு வண்டிக்குத்தா இப்பிடிப் பண்ணுவாங்களாம், நம்பர இழைச்சுட்டுப் புதுத் தகடு மாட்டுவாங்களாம். தம்பி ஒவ்வொரு வருசமும் எடுத்த பிரிண்ட் எல்லாம் பைல்ல இருக்குது. ஆனா எதோட ஒத்துப் பாக்கறது? போலீஸ்ல திருட்டு வண்டி இல்லைன்னு எழுதி வாங்கணும், லேப்புக்கு அனுப்பணும், அடியில இருக்கற நம்பரு மேல வருதான்னு பாக்கணும்னாங்க. அதெல்லாம் நாயா அலைஞ்சு பண்ணுனோமுங்க. ஆசிட் மாதிரி ஒண்ணு ஊத்துனா இழைச்ச எழுத்தும் நெழலாட்டத் தெரியுமாம். எத்தனையோ வண்டிக்குத் தெரிஞ்சிருக்குதாம். இதுக்கு வரல. நா வெல்டு வெச்சுல்ல இழைச்சிருக்கறேன்? லேப்புக்காரரே சொன்னாரு, "திருடனுங்ககூட இவ்வளவு சுத்தமாப் பண்ண மாட்டாங்க"ன்னு.

சிரிக்காதீங்க. எனக்கு அதக் கேட்டு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வந்துச்சுங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது? வந்துச்சு.

பைலு இன்னம் நடக்குது. ரெண்டு வருசமாச்சு. வேற ஆபீசரு வந்துட்டாரு, முதல்ல இருந்து கேக்கறாங்க. தலைக்கு மேல வெள்ளம் போன பொறகு சாண் என்ன, மொழம் என்ன? ரோட்டுல எறக்க முடியாது. விக்க முடியாது. இரும்புக் கடைக்காரன்கூட நம்பரு இல்லாம எடுக்க மாட்டீங்கறான். போன வருசம் பழைய வண்டிக் கண்காட்சிக்கு லாரி மேல ஏத்தித்தா கொண்டு போனேன். அதா அலமாரியில இருக்குது பாருங்க, மொதப் பரிசு. தம்பியையும் கூப்புட்டேன், வேல இருக்குதுன்னுட்டான்.

வேல என்னன்னு கேக்கறீங்களா? லைன வாங்குனானே அந்தக் கோபிக்காரன், அவன் வண்டியில ட்ரே எறக்கறான். அதே நாப்பத்தோரு கடை. ஸ்டியரிங் புடிக்க வேண்டாம், எப்.சி. தொந்தரவு இல்ல, டயரு பஞ்சரானா அவன் பாடு. ஒரு வகையில நிம்மதிதானுங்களே? இதச் சொன்னா மயிலாத்தா என்னைய ஒரு மாதிரி பாக்கறா. அதுக்கப்பறம் அவ இந்த ஊட்டுப் படி ஏறறதில்ல. தீவாளி நோம்பிக்கும் வர்றதில்ல.

ஆனா நா கேக்கறதுல ஞாயம் இருக்குதா இல்லியா? சாவியக் குடுக்கறப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா இத்தன வருமா?

சொன்னான்.

சொன்னானுங்க. இல்லேங்கல. சாவியக் கையில வெச்சுக்கிட்டே, "அண்ணா, அடியில கிரீஸ் அப்பி வெச்சிருக்கறேன், அத மட்டும் தொடைச்சுராத"ன்னான். ஏன்னு சொன்னானா? ஏன்னு சொல்லலியே! நானும் கேக்கல. இவன் வெச்ச கிரீஸு, இவன் கட்டுன கயிறு, இவன் வெட்டுன செருப்பு, எல்லாத்தையும் அப்பிடியே வெச்சுக்கறதுக்கு நா எதுக்குன்னு நெனச்சேன். நம்பரு துருப்புடிச்சுரக் கூடாதுன்னு இருவத்தி மூணு வருசமா மாசத்துக்கொருக்கா அங்க மட்டும் கிரீஸ் வெச்சிருக்கறானுங்க அவன். கதவு போனாப் போகுது, அந்த எழுத்து இருந்தாப் போதும்னு. அந்த ஒரு எடந்தா அவன் வண்டியில நல்லா வெச்சிருந்த எடம்.

என்னைய ஒரு வார்த்த திட்டலீங்க. திட்டியிருந்தா நானும் திட்டிப்போட்டு ஆறியிருப்பேன்.

வியாழக்கெழம அவனுக்கு லீவு. வருவான். செருப்பக் கழட்டி வெச்சுப்போட்டுத்தா உள்ள வருவான். வண்டிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட உட்டு நிறுத்துவான். அப்பறம் டப்பாவுல இருந்து ஒரு வெரல் கிரீஸ எடுத்துக்கிட்டு அடியில போவான். அதே எடத்துல அப்புவான். "டேய், அங்கதா ஒண்ணும் இல்லியே, எதுக்குடா?"ன்னு கேப்பேன். கையத் தொடைச்சுக்கிட்டு, "வர்றண்ணா"ன்னுட்டுப் போயிருவான். அவன் போனதும் நா உள்ள போயித் தொடைச்சுருவேன். கண்காட்சி வண்டியில கிரீஸ் கட்டி இருக்கலாமுங்களா?

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? காப்பி வருது, இருங்க. கேட்டதுக்கு நா இன்னம் பதிலே சொல்லலியே. உங்க வண்டியப் பாத்தேன், பக்கவாட்டுல அடி மட்டும் போயிருக்குது, மத்தது நல்லாருக்குது. மூணு மாசத்துல முடிச்சுருவேன். நம்பரு இருக்கற எடத்தச் சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சுட்டு ஆரம்பிக்கறேன், இப்பத்தா எனக்குத் தெரியுமே. சாவிய வெச்சுட்டுப் போங்க. வேண்டாமா? ஜமுக்காளம் நாளைக்குப் போயாகணுமா. செரிங்க. யோசிச்சுச் சொல்லுங்க.

செருப்பு அந்தப் பக்கம் கிடக்குது பாருங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறேன். போன வியாழக்கெழம அவன் போனதும் தின்னரும் துணியுமா அடியில போனேனுங்க. தொடைச்சேன். என்னமோ தோணுச்சு, கண்ண மூடிக்கிட்டு வெரல வெச்சுத் தடவுனேன். பம்பு பாடியத் தடவறாப்புல மெதுவா, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். ஒரு எழுத்து தட்டுனாலும் போதும். பாதி எழுத்து தட்டுனாலும் போதும், ஓடிப்போயித் தம்பியக் கூட்டிக்கிட்டு வந்துருவேன். மாரியாத்தா, ஒரே ஒரு கீறலக் குடுன்னு கேட்டேனுங்க.

கண்ணாடியாட்ட இருந்துச்சு.